மழைக்காலத்தில் கோத்தகிரி வழியாக ஊட்டிக்குத் தனியாக பைக்கில் செல்வது எப்படி?

வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவில்தான் வலுத்துப் பெய்யும். 2009 நவம்பரில் பெய்த கனமழையால் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே முதல் வேலையாக வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். இங்கே சொல்லும் முறை சாதாரண மழை நாளுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்து, வண்டி. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடாகத் தெரியும் தேய்மானக் குறி வரை ரப்பர் தேய்ந்திருந்தால், அந்த டயரோடு மலையேறக் கூடாது. ஈரச் சாலையில் பிடிப்புக் கூடும் என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. அது தவறு, வண்டி நிறுவனம் குறிப்பிட்ட அளவே இருக்கட்டும். வெளிமாவட்ட வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளதால் அதையும் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டியை அடைவதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அதற்குள் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் குறையும். நனைந்த கையுறைக்குள் விரல்கள் விறைத்துவிட்டால் பிரேக் லிவரை அளவாக அழுத்த முடியாது என்பதால், மாற்றுக் கையுறை ஒன்று அவசியம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் அதை ரெக்சின் பையில் வையுங்கள்.

இனி ஓட்டும் முறை. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கொண்டை ஊசி வளைவுக்கான வேகக் குறைப்பும் கியர் மாற்றமும், வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் வண்டி சாய்ந்திருக்கையில் முன் பிரேக்கை இறுக்கினால், ஈரத் தாரில் முன் சக்கரம் வழுக்கிவிடும். எனவே வளைவுக்குச் சற்று முன்பே இரண்டு பிரேக்குகளையும் மெதுவாகச் சேர்த்து அழுத்தி, இரண்டாம் கியருக்கோ, செங்குத்தான ஏற்றமானால் முதல் கியருக்கோ மாறி, ஹாரன் அடித்து, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்துத் திரும்புங்கள். எதிரே பேருந்து வந்தால் அது வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். முன்பாகவே இடப்பக்கம் நின்று வழிவிடுவதே நல்லது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதிதான், ஆனாலும் பைக்கில் செல்பவர் அதை நம்பி முன்னேறக் கூடாது.

இறங்கும்போது கிளட்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ உருளவிடாதீர்கள். ஏறிய அதே கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக்கும் சூடேறாது. சாலையில் படிந்த சேறு, யூகலிப்டஸ் இலை, வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் சக்கரம் செல்லும்போது பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுங்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் கண்ணைக் கூசச் செய்யுமே தவிர வழியைக் காட்டாது. லோ பீம் போதும். மாலைக்குப் பிறகு காட்டுமாடுகள் சாலையில் நிற்கும், ஆகவே நான்கு மணிக்குள் ஊர் சேருமாறு திட்டமிடுங்கள்.

மண்மேட்டிலிருந்து கலங்கிய நீரோடு சிறு கற்களும் உருண்டு வந்தால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். வந்த வழியே திரும்பி, பாதுகாப்பான இடம் சேர்ந்தபின் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தகவல் சொல்லுங்கள். தனியாகச் செல்பவர் கிளம்பும்போதே வீட்டில் ஒருவருக்கு வழித்தடத்தைச் சொல்லி, கோத்தகிரியில் நின்று ஒருமுறை அழைத்துப் பேசிவிட வேண்டும். தங்குமிடம் சேர்ந்ததும் செயினைத் துடைத்து லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடித்து வைத்தால், மறுநாள் காலையில் அது துருவேறியிருக்காது.