நம்ம ஊர் வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் நல்லதா?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வடசேரியிலோ தக்கலையிலோ ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும்: "இந்தச் சூட்டுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்காது அண்ணே, நல்லா கட்டியா ஒண்ணு தாங்க." கடைக்காரரும் 20டபிள்யூ-50 கேனை எடுத்து நீட்டுவார். என்ன வண்டி என்று இரண்டு பேருமே பேசியிருக்க மாட்டார்கள்.

கேனில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி போய்விடும். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் 30, 40, 50 எல்லாம் ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்த கட்டி. வெளியே 26 டிகிரியா 35 டிகிரியா என்பது எஞ்சினுக்குப் பெரிய விஷயமே இல்லை. கார் என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டை 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும். காற்றில் குளிரும் பைக்கில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பெனிக்காரன் எண்ணைக் குறித்திருக்கிறான். ஸ்ப்ளெண்டர் கேட்பது 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கேட்பது 15டபிள்யூ-50. இரண்டும் ஒரே நாகர்கோவில் வெயிலில்தான் ஓடுகின்றன.

30 கேட்கிற எஞ்சினில் 50 ஊற்றினால் உடனே ஒன்றும் வெடித்துவிடாது. அதனால்தான் இந்தத் தவறு இத்தனை வருஷமாக நடக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கட்டி ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை போய்ச் சேர நேரம் எடுக்கும், தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த நேரத்தில்தான். மைலேஜும் கொஞ்சம் குறையும். "சத்தம் குறைஞ்சிருக்கே" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்தது நானே செய்த வேலை. மச்சான் காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. விலை கூடிய ஆயில், வீணாகப் போக வேண்டாமே என்று என் பைக்கில் ஊற்றினேன். சில வாரம் கழித்துக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை. பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில்தான் கிடக்கும். பல கார் ஆயில்களில், முக்கியமாக டபிள்யூவுக்குப் பின்னால் 20, 30 என்று இருக்கும் ரகங்களில், உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். காருக்கு அது மைலேஜ், பைக் கிளட்சுக்கு அது வழுக்கல். கிளட்ச் பிளேட் மாற்றிய செலவில் பல லிட்டர் ஆயில் வாங்கியிருக்கலாம். பைக் ஆயிலில் ஜாசோ (ஜப்பான்காரர்களின் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி என்ற வகை தனியாக உண்டு, ஏனென்றால் அதன் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை.

ஸ்கூட்டர் என்றதும் இன்னொன்று. பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் தனியாக இருக்கிறது, நூறு மில்லி சொச்சம்தான். எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் அதை மறந்தே போகிறார்கள்.

அளவு விஷயத்தில் "கொஞ்சம் கூட இருந்தா என்ன" என்ற தாராளம் வேண்டாம். கூடிப் போனால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தாங்கும் சக்தி கிடையாது. ஒரு லிட்டர் கேன் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்க்க வேண்டியதில்லை, பல ஸ்கூட்டருக்கு அது அதிகம். அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில், மெயின் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். விளவங்கோடு பக்கம் வீட்டு முற்றத்தில் சமதளம் தேடுவதே ஒரு பாடு, அது வேறு கதை. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுச் சில வண்டிகளில் திருகாமல் சும்மா இறக்கிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இது எழுதியிருக்கும். ஆர்.சி. புக்கோடு பீரோவில் தூங்குகிறதே, அதேதான்.

வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க ஷெட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மூன்று கிலோமீட்டர், எப்போதாவது ஒரு கல்யாணம். "ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்பார்கள். எஞ்சின் முழுச் சூடு ஏறாமலே அணைக்கிற வண்டியில் உள்ளே கோர்க்கும் ஈரம் ஆவியாகிப் போவதில்லை, ஆயிலோடு கலந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் வேறு. புத்தகத்தில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பது இதற்காகத்தான். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

ஆயில் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பயப்பட வேண்டியது பால் சாயா நிறத்துக்கு. அந்த நிறம் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். 2021 நவம்பர் வெள்ளம் போல வண்டி மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, தள்ளிக்கொண்டு போய் முதலில் ஆயிலை இறக்குங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசு விதி) டீசல் கார்களுக்குப் பழைய டீசல் ஆயில் ஒத்து வராது. புகையை வடிகட்டும் டிபிஎஃப்-இல் ஆயிலின் சாம்பல் போய் அடைக்கும், கரியைப் போல அது எரிந்து போகாது. சாம்பல் குறைந்த ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

லூஸ் ஆயில் பக்கமே போக வேண்டாம். கேனின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கண்ணுக்கு முன்னால் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலிக் கேனை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதிலேயே மறுபடி எதையாவது நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் கேனின் அடியில் ஒரு குத்துக் குத்தித்தான் கையில் தருவார்.