லண்டனில் கட்டிய வரி டப்ளினில் செல்லாது

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் புதிதாக வருபவர்களிடம் இன்வாய்ஸை எப்படிப் போடுவது என்று பாடம் எடுக்கப் போவதில்லை. அதை கஸ்டம்ஸ் புரோக்கரே திருத்திக் கொடுத்துவிடுவார். அவராலும் காப்பாற்ற முடியாத தவறுகள் சில உண்டு.

பிரிட்டனில் வரி கட்டினால் ஐரோப்பாவுக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பது

இன்னமும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2020 கடைசி வரை அது சரி. ஐரோப்பிய சுங்க ஒன்றியத்தில், அதாவது வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே வரி வாங்கும் நாடுகளின் கூட்டில், எந்தத் துறைமுகத்தில் இறக்கி வரி கட்டினாலும், மற்ற உறுப்பு நாடுகளுக்குச் சரக்கு மறுபடி வரியில்லாமல் போகும். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் அதற்கு வெளியே.

ஒரு தம்பி பர்மிங்ஹாம் பக்கம் குடோன் பிடித்து, ஒரு கன்டெய்னர் டி-சர்ட் இறக்கி, வரியும் கட்டினார். பாதியை, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ஒரு கடைக்காரருக்கு விற்றார். அதுவும் டிடிபி கணக்கில், அதாவது அங்கத்திய வரியும் இவர் தலையில். டப்ளினில் 12 சதவீதம் கேட்டார்கள்.

"அண்ணா, பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஜீரோ டூட்டி ஒப்பந்தம் இருக்குங்களே?"

இருக்கிறது, அவர்கள் நாட்டில் உருவான பொருளுக்கு. திருப்பூரில் பின்னித் தைத்ததை பர்மிங்ஹாமில் லேபிள் மாற்றி, புதுக் கவரில் போட்டால் அது பிரிட்டன் சரக்காகிவிடாது. ஏற்கெனவே கட்டிய வரியும் திரும்ப வரவில்லை. அந்த ஆர்டரில் அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தை வைத்து இப்போது சிலர் இதே கணக்கைப் போடுகிறார்கள். அந்தச் சலுகை பிரிட்டனுக்குள் நுழைய மட்டும்தான்.

அயர்லாந்துக்கு என்று தெரிந்த சரக்கைத் தூத்துக்குடியிலேயே பிரித்து, தனி பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு) போட்டு அனுப்புங்கள். பார்ட்டி இன்னும் முடிவாகவில்லையா? பிரிட்டனில் வரி கட்டாமல் பாண்டட் குடோனில், அதாவது சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வையுங்கள். ஆர்டர் வந்ததும் டி1 டிரான்சிட்டில், அதாவது வரி கட்டாத சரக்கை அப்படியே கொண்டுபோகும் சுங்க முறையில், டப்ளினுக்கு நகர்த்தினால் வரி அங்கே ஒரே முறை. குடோன் வாடகை கூடத்தான் ஆகும், இரண்டு முறை வரி கட்டுவதற்கு முன் அது பெரிதில்லை.

ஷெங்கனையும் சுங்க ஒன்றியத்தையும் குழப்புவது

ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகளுக்கிடையே ஆட்கள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வருவதற்கு. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனில் இருக்கின்றன, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து நேர்மாறு.

துருக்கி

ஐரோப்பிய ஒன்றியத்தோடு 1996 முதல் தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்க ஒன்றியம் உண்டு. தக்காளிக்கு இல்லை.

பெல்ஃபாஸ்ட்

இது பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் இருக்கிறது; சுங்க விதிகள் டப்ளின் மாதிரியும் இல்லை, லண்டன் மாதிரியும் இல்லை. விலை சொல்வதற்கு முன் தனியாகக் கேளுங்கள்.

மரப் பேலட்

பூச்சி சாக மரத்தைச் சூடேற்றியதற்கான முத்திரை பேலட்டில் இருக்கிறதா என்று லோடு ஏற்றும்போதே பாருங்கள். 2021 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பேலட்டுக்கும் அது கட்டாயம்.