கவிழ்த்து வைத்த சைக்கிளும் மூன்று கால் திரான்சிற்றரும்: குறைகடத்திகளைக் கையால் விளங்கிக்கொள்ளல்

1990களில் இலங்கையின் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருளாகியிருந்தது. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, தைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. சுற்றுகிறவனின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கூடவே ஓய்ந்துவிடும். எங்கள் வீட்டில் தைனமோவுக்கும் வானொலிக்கும் நடுவே, பழுதான வேறொரு வானொலியிலிருந்து கழற்றிய நான்கு கறுப்பு மணிகள் ஒரு மட்டைத் துண்டில் ஒட்டப்பட்டிருந்தன. அவை இருவாயிகள், மின்னை ஒரு திசையில் மட்டும் பாயவிடுபவை. தைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் பாயும் நேரோட்டம். அந்த நான்கு மணிகளும் செய்த வேலையை விளங்கிக்கொண்டவருக்குத் திரான்சிற்றர் தொலைவில் இல்லை.

முதலில் சிலிக்கன், கடத்திக்கும் காவலிக்கும் இடைப்பட்ட ஒரு குறைகடத்தி. அதன் அணுவொன்று தன் நான்கு வெளி இலத்திரன்களையும் அயலிலுள்ள நான்கு அணுக்களுடன் பங்கிட்டுக்கொள்வதால், தூய சிலிக்கனில் மின்னைக் காவிச்செல்லச் சுயாதீன இலத்திரன்கள் மிகச் சிலவே எஞ்சுகின்றன. ஐந்து வெளி இலத்திரன்களைக் கொண்ட பொசுபரசைச் சிறிதளவு கலந்தால், ஒவ்வொரு பொசுபரசு அணுவுக்கும் ஓர் இலத்திரன் மிஞ்சும்; இது ‘என்’ (n) வகை. மூன்றே இலத்திரன்களைக் கொண்ட போரனைக் கலந்தால் ஓரிடம் வெறுமையாக நிற்கும். அதுவே துளை, அப்பொருள் ‘பி’ (p) வகை. பத்து இலட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிற் கலந்தாலே கடத்துதிறன் இலட்சக்கணக்கான மடங்கு உயர்ந்துவிடும். துளை எவ்வாறு நகர்கிறது என்று மாணவர் கேட்கும்போது நான் சங்கக்கடை வரிசையைச் சொல்வதுண்டு: முன்னால் நிற்பவர் சாமானை வாங்கிக்கொண்டு விலக, ஒவ்வொருவராக ஓரடி முன்னே வைக்க, வெற்றிடம் மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இவ்விரு வகைகளும் ஒரே பளிங்கில் சந்திக்கும் எல்லையே பி-என் சந்தி. அங்கே ‘என்’ பக்கத்து இலத்திரன்கள் பி பக்கத்துத் துளைகளுள் விழுந்து, இரு பக்கமும் நகரக்கூடிய ஏற்றமற்ற ஒரு மெல்லிய வறிதாக்கற் படை உருவாகிறது. இலத்திரன்களை இழந்த பக்கம் நேரேற்றமும் பெற்ற பக்கம் மறையேற்றமும் கொள்வதால், மேலும் இலத்திரன்கள் கடப்பதைத் தடுக்கும் ஒரு மின்புலம் அப்படையில் நிற்கும். பற்றரியின் நேர்முனையைப் பி பக்கத்தில் இணைத்தால் இத்தடுப்புத் தாழும். சிலிக்கனில் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 வோல்ற்றில் மின்னோட்டம் தாராளமாகப் பாயத் தொடங்கும். மாற்றி இணைத்தால் படை அகலும், பாய்ச்சல் நின்றுவிடும்.

இதனை நம்புவதற்கு வோல்ற்று, தடை முதலியவற்றை அளக்கும் ஒரு பல்மானி போதும். 1என்4007 இருவாயி ஒன்றை எடுத்து, பல்மானியை இருவாயிக் குறிக்குத் திருப்பி, சிவப்பு முனையைப் பட்டையில்லாத காலிலும் கறுப்பு முனையைச் சாம்பற் பட்டையுள்ள காலிலும் வையுங்கள், 0.5 இற்கும் 0.7 இற்கும் இடையில் ஓர் எண் தெரியும். முனைகளை மாற்றினால் அளவுகடந்த குறி மட்டுமே தோன்றும். பின்னர் எண் தெரியும் நிலையிலேயே இருவாயியைச் சூடான தேநீர்க் கோப்பையின் பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று வீதம் எண் இறங்குவதைக் காண்பீர்கள். செம்பு சூடேறினால் அதன் தடை கூடும். சிலிக்கனோ சூடேற இளகிக்கொடுக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இவ்வேறுபாடு கண்முன் நிகழும் இடம் அந்தக் கோப்பைதான்.

இனி நான்கு மணிகளுக்கு வருவோம். இரண்டு இருவாயிகளின் பட்டையுள்ள கால்களை ஒன்றாக ஒட்டினால் அது நேர்முனை. மற்றைய இரண்டின் பட்டையில்லாத கால்களை ஒட்டினால் அது மறைமுனை. மீதிக் கால்களை நேர்ப்பக்கத்து ஒன்றுடன் மறைப்பக்கத்து ஒன்றாக இணைத்தால் வரும் இரு ஒட்டுகளும் தைனமோவுக்கு உரியவை. எத்திசையில் மின் வந்தாலும் ஒவ்வொரு வேளையும் இரண்டு இருவாயிகள் வழிவிட, வெளியே ஒரே திசையில்தான் பாயும். அவ்விரண்டிலும் சேர்த்து 1.4 வோல்ற்று வரை இழக்கப்படும். நேர், மறை முனைகளுக்குக் குறுக்கே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் 1000 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றை, முனை மாறாமல் இட்டால் வானொலியின் உறுமல் அடங்கும். அக்கொள்ளளவி 50 வோல்ற்றுத் தாங்குவதாக இருக்கட்டும்; சுமையின்றி வேகமாகச் சுழலும் தைனமோ தன் 6 வோல்ற்றைப் பலமடங்கு தாண்டும் என்பதை நான் 10 வோல்ற்றுக் கொள்ளளவி ஒன்றை வெடிக்கவைத்தே கற்றுக்கொண்டேன். இன்னொன்று: தைனமோவின் ஒரு முனை சைக்கிளின் சட்டமேதான். ஆகவே மறைமுனைக் கம்பி சட்டத்தில் முட்டினால், ஆடலோட்டத்தின் ஒன்றுவிட்ட ஒவ்வோர் அரைச் சுற்றிலும் தைனமோ ஓர் இருவாயியினூடாகக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆளும் திரான்சிற்றரில் இத்தகைய சந்திகள் இரண்டு. காலி, அடி, சேகரிப்பான் என்னும் மூன்று பகுதிகளுள் நடுவிலுள்ள அடி மிக மெல்லியது. நாம் எடுக்கப்போகும் திரான்சிற்றரில் அடி ‘பி’ வகை, மற்றைய இரண்டும் ‘என்’ வகை. இங்கேதான் பலரும் இடறுகின்றனர்: இரண்டு இருவாயிகளை முதுகோடு முதுகாக ஒட்டினால் திரான்சிற்றர் ஆகிவிடாது. காலியிலிருந்து அடிக்குள் நுழையும் இலத்திரன்கள், அங்குள்ள சொற்பத் துளைகளைச் சந்திக்கும் முன்னரே மறுகரையை அடைந்து, சேகரிப்பானின் மின்புலத்தால் இழுக்கப்பட்டுவிட வேண்டும். அடி தடித்திருந்தால் அவை வழியிலேயே தொலைந்துவிடும். ஓட்ட நயம் 200 எனில், அடியின் கால்வழியே வெளியேறும் ஒவ்வோர் இலத்திரனுக்கும் 200 இலத்திரன்கள் சேகரிப்பானைச் சேர்கின்றன என்பது பொருள். திரான்சிற்றர் மின்னை உண்டாக்குவதில்லை. வன்னியின் இரணைமடுக் குளத்துத் துருசை (மதகை)த் திறப்பவர் குளத்துக்கு ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. வாய்க்காலில் ஓடுவது குளத்து நீரே. துருசு முழுதாகத் திறந்தபின் மேலும் திருகிப் பயனில்லை என்பதுபோல, திரான்சிற்றருக்கும் நிரம்பல் நிலை உண்டு.

பரிசோதனைக்குப் பிசி547 திரான்சிற்றர் ஒன்றை எடுங்கள். தட்டையான முகம் உங்களை நோக்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி என அமையும். மூன்று 1.5 வோல்ற்றுப் பற்றரிகளைத் தொடராக இணைத்து, நேர்முனையிலிருந்து 220 ஓம் தடையி, சிவப்பு எல்ஈடி ஆகியவற்றினூடாகச் சேகரிப்பானுக்குச் செல்லுங்கள். எல்ஈடியின் நீண்ட கால் தடையியின் பக்கம் இருக்கட்டும். காலியை மறைமுனையில் இணையுங்கள். அடியிலிருந்து 10,000 ஓம் தடையி ஒன்றினூடாக ஒரு கம்பியையும், பற்றரியின் நேர்முனையிலிருந்து இன்னொரு கம்பியையும் சும்மா விட்டுவையுங்கள். இவ்விரண்டின் நுனிகளையும் கிணற்று நீரில் தோய்த்தால் எல்ஈடி ஒளிரும். உப்பு மிகுந்த உவர்க்கிணற்று நீரில் நன்றாக ஒளிரும். நேரே ஏந்திய மழைநீரில் மங்கலாகவே ஒளிரும். நனைத்த விரல் ஒன்றால் இரு நுனிகளையும் தொட்டாலும் ஒளி வரும். உங்கள் தோலினூடாகப் பாய்வது சில மைக்குரோ அம்பியர் மட்டுமே. எல்ஈடியினூடாக அதன் நூறு மடங்குக்கும் மேல் பாய்கிறது.

ஒளி வராவிட்டால் கால்களைச் சரிபாருங்கள். பல்மானியின் இருவாயிக் குறியில், சிவப்பு முனை அடியிலிருக்க, மற்றைய இரு கால்களும் தனித்தனியே 0.6 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். எல்லாம் சரியாக வேலைசெய்தபின், வேண்டுமென்றே சேகரிப்பானையும் காலியையும் இடம்மாற்றி, அதே நனைந்த விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ‘என்’ வகையே என்றாலும், காலியில் மட்டுமே கலப்பு மிக அடர்த்தியாக இடப்பட்டிருப்பதால் ஓட்ட நயம் வீழ்ந்துவிடும். சற்றுமுன் ஒளிர்ந்த எல்ஈடி இப்போது, அறையை இருட்டாக்கினால்தான் தெரியும் அளவுக்கு மங்கிக் கிடக்கும்.