மோரிஸ் மைனர் இருக்கைக்கு நானே மெத்தை மாற்றினேன்

வெள்ளவத்தையில் கடற்காற்று படும் முற்றத்தில் நிற்கும் எங்கள் மோரிஸ் மைனர் 1000 காரின் சாரதி இருக்கையைக் கழற்றி மேலுறையை நீக்கியபோது, பழைய ஸ்பொஞ்ச் விரல் பட்டதும் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. சட்டகத்தின் அடிக்குழாய்களில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, இரண்டு நாள் காயவிட்டேன்.

பழைய உறையை எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. தையல்களைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டு, புறக்கோட்டையில் வாங்கிய ரெக்சினின் மறுபுறத்தில் விரித்து, தையலுக்கென 1 சென்றிமீற்றர் கூட்டி வெட்டினேன். முதல் தடவை வீட்டுத் தையல் இயந்திரத்தில் நெருக்கமாகத் தைத்ததால், ஊசித்துளைகள் தபால் முத்திரையின் ஓரம்போல் வரிசையாகி, இழுத்த இழுப்பில் ரெக்சின் கிழிந்தது. பிறகு 18ஆம் இலக்க ஊசியும் பொலியெஸ்ரர் நூலும் போட்டு, தையல் நீளத்தை 4 மில்லிமீற்றராக்கினேன்; மடிப்புகள் தடித்த இடங்களில் சக்கரத்தைக் கையால்தான் சுற்றவேண்டியிருந்தது.

ஸ்பொஞ்சை அளவுக்குச் சரியாக வெட்டினால் உறை தொய்யும் என்பதால், சுற்றிலும் சிறிது பெரிதாகவே வெட்டினேன். தைத்த உறையை அரைமணி நேரம் கொழும்பு வெயிலில் போட்டேன் (இங்கே வேறு சூடு எதற்கு?), ரெக்சின் இளகி மூலைகளில் படிந்தது. முன்விளிம்பை முதலிலும், பின்புறத்தை அடுத்தும், பக்கங்களைக் கடைசியிலும் இழுத்து, கம்பி வளையங்களால் சட்டகத்தோடு இறுக்கினேன். இடது மூலையில் ஒரு சுருக்கம் இன்னும் இருக்கிறது. அப்பா முதலில் விரல் வைத்ததும் அதில்தான்.