வீட்டு வைஃபை விட்டு விட்டு வருகிறதா? பிழை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டில் இரவு ஏழு மணிக்கு வெளிநாட்டிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுப்பார். பெரியம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். இரண்டு நிமிடம் நன்றாகப் போகும். பிறகு மகனின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். "தம்பி, கேக்குதோ? கேக்குதோ?" என்றபடி பெரியம்மா போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கும் குசினிக்கும் நடப்பார். ரவுட்டர் பழுது, புதிதாக வாங்குங்கள் என்று யாரோ சொல்லிவிட, அதற்குக் காசும் எடுத்து வைத்திருந்தார். கடைசியில் ஒரு சதமும் செலவில்லாமல் சரிவந்தது. அன்று செய்ததையே இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் அனேகமான வீடுகளில் சிம் போட்ட ஃபோர்ஜி ரவுட்டர்தான். அப்படியான வீட்டில் இணையம் இரண்டு கட்டமாக வருகிறது. டவரிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து உங்கள் போனுக்கு இன்னொன்று. போனில் தெரிகிற வைஃபை கோடுகள் இரண்டாவது கட்டத்தை மட்டுமே காட்டும். கோடு முழுக்க நிறைந்திருந்தும் ஒன்றும் திறக்காமல் இருப்பது இதனால்தான். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் குளம் வற்றியதா, வாய்க்கால் அடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தானே மண்வெட்டியைத் தூக்குகிறோம். இதற்கும் அதே முறைதான்.

படி 1: பிழை எங்கே?

முதலில் போனில் மொபைல் டேட்டாவை நிற்பாட்டுங்கள். இதைத் தவறவிட்டால் சோதனை முழுவதும் வீண். வைஃபை சோர்ந்தவுடன் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவுக்கு மாறிவிடும். ரீலோட் போட்ட காசும் அப்படித்தான் கரைகிறது.

இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ள இன்னொரு போனிலும் அதையே செய்யுங்கள்.

பக்கத்தில் நின்றும் இரண்டு போனிலும் இழுபட்டால், குறை டவர்ப் பக்கம். பக்கத்தில் நன்றாக ஓடி, அறைக்குள்ளோ முற்றத்திலோ மட்டும் அறுந்தால், ரவுட்டர் இருக்கும் இடம் பிழை. ஒரு போனில் மட்டும் அறுந்தால், அந்தப் போன்தான் காரணம். மூன்றில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: நிற்பாட்டிப் போடுங்கள்

ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு, திரும்பப் போடுங்கள். விளக்குகள் அடங்கி நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள். நாள் முழுக்க வெக்கையில் ஓடுகிற பெட்டிக்கு இது மட்டுமே போதுமாக இருப்பதும் உண்டு. தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்றால் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள், மேலே துணி விரிக்காதீர்கள்.

படி 3: ரவுட்டரின் இடம்

கனபேர் தவறு விடுவது இங்கேதான். பெரியம்மா வீட்டு ரவுட்டர் ஹோலில், டிவிக்குப் பின்னால், கண்ணாடி போட்ட அலுமாரிக்குள் இருந்தது. மேலே பூப்போட்ட துணி, பக்கத்தில் வெண்கலக் குத்துவிளக்கு. பார்க்க அழகுதான். ஆனால் அலைக்கு உலோகம் ஆகாது. டிவியின் பின்பக்கம், இரும்பு அலுமாரி, தகரக் கதவு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அதைத் தடுத்துத் திருப்பிவிடும். தண்ணீரும் அலையை உறிஞ்சும், ஆகையால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தகரம் அடைத்த கொட்டிலில் இருந்து பிள்ளை படிக்கிறது என்றால் அங்கே கோடு குறைவதில் ஆச்சரியமே இல்லை.

ஃபோர்ஜி ரவுட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது டவரையும் பார்க்க வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும். அதனால் டவர் இருக்கிற திசையில் உள்ள யன்னல் ஓரமாக, தலை உயரத்தில் வைப்பதுதான் நல்லது. டவர் எந்தத் திசை என்று தெரியாவிட்டால் யன்னல் யன்னலாக வைத்துப் பாருங்கள். அதற்கு அளவுகோல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒரு இலக்கம் இருக்கும். வைஃபையில் இணைந்தபடி போனின் குரோமில் அதை அடித்து, அதே தாளில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போங்கள். சிக்னல் விபரப் பகுதியில் "ஆர்எஸ்ஆர்பி" என்று ஒரு எண் இருந்தால் அதுதான் டவர் சிக்னலின் பலம். மைனஸில் வரும். மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 100ஐத் தாண்டினால் பலவீனம், மைனஸ் 110 வந்தால் இழுபறிதான்.

ஒரு துண்டில் எழுதிக்கொண்டே போங்கள். பெரியம்மா வீட்டில் அலுமாரிக்குள் மைனஸ் 112. வீதிப்பக்க யன்னலில், இரும்புக் கிறில்லோடு ஒட்டி வைத்தபோது மைனஸ் 103. கிறில்லை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளி, ஸ்டூல் ஒன்றின் மேல் வைத்தபோது மைனஸ் 94. ஒரு முழத்துக்கு இவ்வளவு வித்தியாசம். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

படி 4: இரண்டு பெயர் தெரிந்தால்

சில ரவுட்டர்களில் ஒரே வீட்டு வைஃபை இரண்டு பெயரில் தெரியும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். இது போன் கம்பனிகள் சொல்லும் ஃபைவ்ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ் அலை என்று அர்த்தம். அது வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டக் கஷ்டப்படும். மற்றது 2.4 கிகாஹேர்ட்ஸ், வேகம் குறைவு, தூரம் போகும். ரவுட்டர் உள்ள அறையிலேயே இருந்தால் 5ஐப் பிடியுங்கள். விறாந்தை, குசினி, முற்றம் என்றால் 2.4தான்.

சனல், அதாவது வைஃபை அலை போகிற தடத்தை, மாற்றச் சொல்லி வீடியோக்களில் நிறையச் சொல்வார்கள். அது நெருக்கமாக வைஃபை உள்ள இடங்களுக்கு. கிளிநொச்சி, வவுனியா நகரத்துக்குள் கடைத்தெருவோடு வீடு என்றால் 2.4க்கு 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். பரந்த வளவுக்குள் தனியாக நிற்கிற வீட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

படி 5: ஒரு போனில் மட்டும் என்றால்

செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டு "ஃபோர்கெட்" கொடுத்து, பாஸ்வேர்டை மீண்டும் அடித்து இணையுங்கள். பற்றரி சேவரை நிற்பாட்டிப் பாருங்கள். திரை அணைந்ததும் அறுகிற பிழைக்கு அடிக்கடி அதுதான் காரணம். இவை சரிவராவிட்டால் மட்டும் "ரீசெட் நெட்வேர்க் செட்டிங்ஸ்". படங்கள், இலக்கங்கள் அழியாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படி 6: டவர்ப் பக்கக் குறை என்றால்

முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவுக்கென்று தனி டேட்டா தருகிற பக்கேஜில் பகல் டேட்டா முடிந்திருக்கும், மொத்தத்தைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று நினைப்போம். படி 3இல் குரோமில் திறந்த ரவுட்டரின் பக்கத்தில் எத்தனை போன் இணைந்திருக்கிறது என்றும் தெரியும். தெரியாத போன்கள் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அயல் பிள்ளைகள் படிக்கக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் யார் இணைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு வேகச் சோதனை. விடிய ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரே இடத்தில் வைத்து அளவெடுங்கள். விடிய நன்றாக ஓடி இரவில் மட்டும் படுத்துவிட்டால், ஒரே டவரில் ஊரே நிற்கிறது என்று பொருள். அதற்கு உங்கள் ரவுட்டரில் செய்ய ஒன்றுமில்லை. இன்னொரு கம்பனி சிம்மைப் போனில் போட்டு, அதே நேரத்தில் அதே யன்னலில் பார்த்துவிட்டு மாறுவதா என்று முடிவெடுங்கள். ரவுட்டர் எந்தச் சிம்மையும் ஏற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பனிக்கு மட்டும் பூட்டியவையும் உண்டு.

இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை மறக்கவே வேண்டாம்.

எல்லாம் செய்தும் சரிவராவிட்டால் கம்பனிக்கு அழையுங்கள். அழைக்கும்போது அந்தத் துண்டு கையில் இருக்கட்டும்: எந்தத் திகதி, எத்தனை மணி, ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு, விடிய வேகம் எவ்வளவு, இரவு எவ்வளவு. "நிற்பாட்டிப் போட்டுப் பாருங்கள்" என்று அவர்கள் தொடங்கினால், "போட்டுப் பார்த்தாயிற்று, மைனஸ் 94 நிற்கிறது, இரவு எட்டுக்குத்தான் விழுகிறது" என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே துண்டில் எழுதி வையுங்கள்.