பிரிண்டர் போர்ட்டில் பாட்டு: பழைய கம்ப்யூட்டருக்கு நாமே செய்யும் சவுண்ட் பிளக்

சவுண்ட் கார்டு இல்லாத பழைய 386, 486 கம்ப்யூட்டர் கையில் இருந்தால், அதில் பெரும்பாலும் கேட்பது பீப் சத்தம்தான். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு ஆன், ஆஃப் என இரண்டே நிலை. சவுண்ட் பிளாஸ்டர் என்ற பிரபலமான சவுண்ட் கார்டு 1989-இல் வந்தது. அதற்கு முன்பே, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரிலிருந்த கோவாக்ஸ் நிறுவனம் ‘ஸ்பீச் திங்’ என்ற சின்ன பிளக்கை விற்றது. பிரிண்டர் போர்ட்டில் செருகினால் பேச்சும் இசையும் கேட்கும். அதன் உயிர் ஒரு ரெசிஸ்டர் ஏணி, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம்.

பிரிண்டர் போர்ட்டில் 2 முதல் 9 வரையிலான பின்கள் டேட்டா பின்கள். ஒவ்வொன்றும் 0 வோல்ட்டிலோ ஏறக்குறைய 5 வோல்ட்டிலோ நிற்கும். எட்டும் சேர்ந்தால் 0 முதல் 255 வரை ஓர் எண். ஏணி அந்த எண்ணை வோல்டேஜாக மாற்றுகிறது: 9-ஆம் பின்னுக்கு (டி7) பாதி எடை, 8-ஆம் பின்னுக்குக் கால், இப்படியே இறங்கி 2-ஆம் பின் (டி0) வரை. எண்ணை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாற்றினால் அதுவே ஒலி.

வாங்க வேண்டியவை: 25 பின் ஆண் டி-பிளக், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 30 (1 சதவீத மெட்டல் ஃபிலிம்), 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக், 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், ஆடியோ ஜாக், ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர். ஏணிக்கு 20 கிலோ ஓமும் வேண்டும், ஆனால் அதைத் தனியாகத் தேட வேண்டாம். இரண்டு 10-ஐத் தொடராக இணைத்தால் போதும். மொத்தம் 25 ரெசிஸ்டர் செலவாகும், மிச்சம் தேர்ந்தெடுப்பதற்கு.

முதல் வேலை அந்தத் தேர்வுதான். இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். 127 என்பது பூஜ்யத்தைத் தொடர்ந்து ஏழு ஒன்றுகள். 128 என்பது ஒன்றைத் தொடர்ந்து ஏழு பூஜ்யங்கள். அந்த ஒரு படியில் எட்டு பின்களும் தலைகீழாகின்றன. ஒலி அலையின் நடுக்கோடும் அங்கேதான். மெல்லிய ஒலி முழுவதும் அந்தப் படியைச் சுற்றித்தான் ஆடும். ஒரு படி 256-இல் ஒரு பங்கு. டி7 ரெசிஸ்டர் 5 சதவீதம் பிசகினால் பல படிகள் ஒரேயடியாகத் தாவும். நான் முதலில் 5 சதவீத ரெசிஸ்டர்களைப் போட்டுவிட்டேன். சத்தமான பாட்டில் தெரியவில்லை. மணியோசை தேய்ந்து மறையும் இடத்தில் மட்டும் மணல் அரைப்பது போல ஒரு கரகரப்பு. மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒரே அளவு காட்டுபவற்றை டி7, டி6 பக்கம் வையுங்கள்.

ஏணி: எட்டு சந்திகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த சந்திகளுக்கு இடையே ஒரு 10 கிலோ ஓம் (மொத்தம் ஏழு). ஒவ்வொரு டேட்டா பின்னிலிருந்தும் தன் சந்திக்கு ஒரு 20 கிலோ ஓம். டி0 சந்தியிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 20. கிரவுண்ட் 18 முதல் 25 வரை எந்தப் பின்னும் ஆகும். ஒலி வெளிவருவது டி7 சந்தியில். பிளக்கைப் பின்பக்கம் திருப்பினால் வரிசை இடம் வலம் மாறித் தெரியும். ஒவ்வொரு பின்னுக்கும் அருகே பொறித்திருக்கும் எண்ணைப் படித்தே சால்டர் செய்யுங்கள்.

டி7 சந்தியிலிருந்து கிரவுண்டுக்கு 3.3 நானோஃபாரட் வரட்டும், கீச்சொலி குறையும். அதே சந்தியில் எலக்ட்ரோலிடிக்கின் பிளஸ் காலை இணைத்து, மைனஸ் காலிலிருந்து வால்யூமின் ஒரு முனைக்கு. மறுமுனை கிரவுண்ட், நடுமுனை ஜாக்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். பெட்டியின் பின்னால் துளைகள் உள்ள 25 பின் போர்ட்தான் பிரிண்டருக்கு. ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட், அதில் மைனஸ் வோல்டேஜும் வரும். யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் இதற்கு உதவாது. டாஸ் அல்லது விண்டோஸ் 98 வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி போர்ட்டை நேரடியாகத் தொட விடாது.

டாஸில் இயங்கும் கியூபேசிக் என்ற புரோகிராம் மொழியில் ‘அவுட்’ கட்டளைக்கு 888 என்ற முகவரியையும் (எல்பிடி1 எனப்படும் முதல் பிரிண்டர் போர்ட்டின் வழக்கமான முகவரி) 128 என்ற மதிப்பையும் கொடுத்து, டி7 சந்தியை அளந்து பாருங்கள். சுமார் 2.5 வோல்ட். 64 கொடுத்தால் 1.25. 127-இலிருந்து 128-க்குப் போகும்போது சுமார் 0.02 வோல்ட் ஏற வேண்டும். இறங்கினால் டி7 ரெசிஸ்டரை மாற்றுங்கள். போர்ட் 5 வோல்ட்டுக்குக் குறைவாகக் கொடுத்தால் எல்லாம் அதே விகிதத்தில் குறையும், கவலை வேண்டாம். பிறகு 0 முதல் 255 வரை ஓயாமல் எழுதும் ஒரு லூப்பை ஓட்டுங்கள். ஒரு ரீங்காரம் கேட்கும். கம்ப்யூட்டரின் வேகத்தை மாற்றும் டர்போ பட்டனை அழுத்தினால் சுருதி மாறும், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணையும் பிராசஸரே கையால் எடுத்துக் கொடுக்கிறது.

பாட்டு பிளேயரின் செட்டப்பில் ‘கோவாக்ஸ்’ அல்லது ‘எல்பிடி டிஏசி’யைத் தேர்ந்தெடுங்கள். மெதுவான மெஷின் திணறினால் சாம்பிள் வேகத்தை (நொடிக்கு எத்தனை எண் என்பதை) குறையுங்கள். பிளேயர் தொடங்கும்போது மதிப்பு 0-இலிருந்து 128-க்குத் தாவும். ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று விழும். வால்யூமை முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டு, பாட்டு ஓட ஆரம்பித்த பின் ஏற்றுங்கள்.