‘தி வீல் ஆஃப் டைம்’ பற்றிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

“பத்தாவது புத்தகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை” என்கிறார் ஒருவர். “நான்கே நாளில் முடித்தேன், எங்கும் அலுக்கவில்லை” என்கிறார் இன்னொருவர். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜால நாவல் தொடரைப் படித்தவர்கள் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்லக் கிளம்புவதுதான் முதல் தவறு. ஒவ்வொருவரும் எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பாத்திரத்துக்காகப் படித்தார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்தப் பத்தாவது புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவது 2000 நவம்பரில் வந்தது. அதன் கடைசியில் உலகையே மாற்றும் ஒரு மந்திர நிகழ்வு (என்ன நிகழ்வு என்று இங்கே சொல்லமாட்டேன்). அடுத்த புத்தகம் 2003 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. ஆவலோடு பிரித்தால், கதை அதே நாளுக்குத் திரும்பிப் போகிறது. வேறு வேறு ஊர்களில் இருக்கும் மந்திர சக்தி கொண்டவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, தொலைவில் ஏதோ பிரம்மாண்டமாக நடப்பதை உணர்ந்து ஒரு திசையைப் பார்க்கிறார்கள். அப்புறம் தங்கள் கவலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இப்படியே பல நூறு பக்கங்கள். ‘அடுத்து என்ன?’ என்று இரண்டு வருடம் காத்திருந்தவருக்கு, ‘அன்றைக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள்?’ என்பதே பதிலாகக் கிடைத்தது. பதினொன்றாவது புத்தகம் 2005 வரை வரவில்லை. இன்று படிப்பவருக்கோ அது பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய நான்கு நாளும் மற்றவருடைய நான்கைந்து வருடமும் எப்படி ஒன்றாகும்?

சரி, ஒரே மூச்சில் படிப்பவருக்கு எல்லாமே லாபமா என்றால் அதுவும் இல்லை. ஜோர்டனிடம் சில வழக்கமான அசைவுகள் உண்டு. பெண்கள் பாவாடையை நீவிக்கொள்வார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான நைனீவ், கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். வருடத்துக்கு ஒரு புத்தகம் படித்தவருக்கு அது பழைய முகத்தை நினைவுபடுத்தும் அடையாளம். அடுத்தடுத்து படிப்பவருக்கு அதுவே எரிச்சல். இந்தக் குறையைத் தொடரின் ரசிகர்கள் ஒரேயடியாக மறுப்பது பெரிய தவறு. அது அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பின்னலை வெறும் பழக்கமாக மட்டும் பார்ப்பதும் தவறு. அவளுடைய ஊரில், வயதுக்கு வந்துவிட்டாள் என்று பெண்கள் அவை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒருத்தி தலையைப் பின்னிக்கொள்ள முடியும். இளம் வயதிலேயே ஊரின் வைத்தியராகவும் வழிகாட்டியாகவும் ஆனவள் நைனீவ். தன் பேச்சை யாரும் மதிக்கவில்லை என்று தோன்றும்போது அவள் கை போவது அந்த உரிமையின் மேல்தான். இது புரிந்த பிறகு எனக்கு அந்த வரி அலுக்கவே இல்லை.

தொடரில் ‘ஸ்லாக்’ என்று வாசகர்கள் சொல்லும் இழுவைப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஒத்த கருத்து கிடையாது. சிலருக்கு ஏழில், சிலருக்கு எட்டில். இதற்கு ஒரு எளிய காரணம், பிடித்த பாத்திரம். கதையின் முக்கிய இளைஞர்களில் ஒருவனான மேட் எட்டாவது புத்தகத்தில் வருவதே இல்லை. இன்னொருவனான பெர்ரின் ஐந்தாவதில் இல்லை. மேட்டுக்காகப் படிப்பவர் எட்டாவதைத் திட்டினால், அவர் அந்தப் புத்தகத்தைத் திட்டுகிறாரா, மேட் இல்லாததைத் திட்டுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

“முதல் மூன்று புத்தகத்தைப் பொறுத்துக்கொள், அப்புறம்தான் சூடுபிடிக்கும்” என்று புதியவரிடம் சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1990-இல் வந்த முதல் புத்தகம், அமைதியான கிராமத்திலிருந்து இளைஞர்கள் கிளம்பும் பழகிய பாணியில் தொடங்குவது உண்மை. தொடர் தனக்கென்று ஒரு முகம் பெறுவது, என் கணக்கில், நான்காவதில். ஆனாலும் இரண்டாவதை முடிக்கும்போது அந்த மனிதர்கள் யார் மீதும் பிடிப்பு வரவில்லை என்றால், மூடி வைப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

கடைசி மூன்று புத்தகங்கள் பற்றிய பேச்சில்தான் அநியாயம் அதிகம். ஜோர்டன் 2007-இல் காலமானார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், தொடரை முடிக்க பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாக நினைத்த முடிவு 2009, 2010, 2013 என மூன்றாக வந்தது. பிடித்த காட்சியெல்லாம் ஜோர்டன் எழுதியது, பிடிக்காததெல்லாம் சாண்டர்சன் எழுதியது என்று பிரித்துவிடுகிறார்கள். ஜோர்டன் குறிப்புகளோடு, எழுதி முடித்த சில காட்சிகளையும் விட்டுப்போயிருந்தார். தொடரின் இறுதிக் காட்சியும் அதில் அடக்கம். எந்தப் பத்தி யாருடையது என்று வாசகரால் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும். அதே சமயம், பன்னிரண்டாவதில் மேட்டின் குரல் மாறிவிட்டது என்ற குறை நியாயமானதுதான். சாண்டர்சனே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2021 முதல் 2025 வரை மூன்று சீசன் வந்த தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கருத்து சொல்லாதீர்கள். கதைப்போக்கையே பல இடங்களில் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று, பெயர்கள். 2,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உள்ள தொடர் இது. ‘யார் இது?’ என்று இணையத்தில் தேடினால் முதல் வரியிலேயே அவருடைய முடிவு தெரிந்துவிடும். அதற்குப் பதில் புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் சொல்லடைவைப் புரட்டுங்கள். அது இனி நடக்கப்போவதைப் பெரும்பாலும் சொல்லாது. படித்து முடித்தவர்களும், புதியவரிடம் பேசத் தொடங்கும் முன் அவர் எந்தப் புத்தகத்தில், எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.